பெல்லட் ஸ்டவ் வாங்கும் முன்: குளிர்நாட்டு வீட்டில் கவனிக்க வேண்டியவை

கனடாவின் குளிர்காலம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சமாளிக்கும் குளிர் அல்ல. வெளியே மைனஸ் 20 டிகிரி நிலவும் இரவில் வீட்டின் சூடு நின்றுபோனால், சில மணி நேரத்திலேயே குழந்தைகளும் முதியவர்களும் நடுங்கத் தொடங்குவார்கள். அப்படியே விட்டால் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும். அங்கே வீட்டுக்குச் சூடு என்பது வசதி அல்ல, அடிப்படைத் தேவை.

டொராண்டோ போன்ற பெருநகரங்களில் இயற்கை எரிவாயு குழாய் வழியாக வீட்டுக்கே வந்துவிடுகிறது. பேஸ்மென்டில் ஃபர்னஸ் ஓடும். நாம் தெர்மோஸ்டாட்டைத் திருப்பினால் போதும். ஆனால் நியூ பிரன்ஸ்விக், நோவா ஸ்கோஷியா போன்ற கிழக்கு மாகாணங்களிலும், ஒன்டாரியோவின் கிராமப்புறங்களிலும், எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் மெய்ன், வெர்மான்ட் மாநிலங்களிலும் ஏராளமான வீடுகளுக்கு எரிவாயுக் குழாய் கிடையாது. எண்ணெய், மின்சாரம், விறகு, பெல்லட் இவற்றில் ஒன்றைத்தான் நம்ப வேண்டும். குறைந்த வீட்டு விலையையும் வேலையையும் தேடி அந்தப் பகுதிகளுக்குக் குடிபெயரும் குடும்பங்கள் முதல் குளிர்காலத்திலேயே கேட்கும் கேள்வி, "பெல்லட் ஸ்டவ் போடலாமா?" என்பது.

கடையில் முதலில் நம் கண்ணில் படுவது கண்ணாடிக்குப் பின்னால் எரியும் தீயும் விலைச்சீட்டும்தான். ஆனால் வீடு, எரிபொருள், புகைபோக்கி, மின்சாரம் ஆகிய நான்கையும் பார்த்து முடித்த பிறகே மாடலைப் பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் பணம் வீணாகும். புகைபோக்கி விஷயத்தில் தவறினால் உயிருக்கே ஆபத்து.

பெல்லட் ஸ்டவ் என்றால் என்ன?

மர ஆலைகளில் மிஞ்சும் மரத்தூளை உலர்த்தி, அதிக அழுத்தத்தில் நசுக்கிச் செய்யப்படும் சிறு குச்சிகள்தான் பெல்லட். விட்டம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். தனியாகப் பசை சேர்ப்பதில்லை. மரத்தில் இயல்பாக உள்ள லிக்னின் என்ற பொருளே சூட்டில் இளகி, பிறகு இறுகித் தூளைப் பிடித்துக்கொள்கிறது.

ஸ்டவ்வின் தொட்டியில் பெல்லட்டைக் கொட்டிவைத்தால், மோட்டாரால் சுழலும் திருகுத் தண்டு ஒன்று அதைச் சிறிது சிறிதாக எரிகிண்ணத்தில் தள்ளும். மின்சூடாக்கி தீ மூட்டும். ஒரு விசிறி எரிவதற்குக் காற்றைக் கொடுத்துப் புகையை வெளியே தள்ளும். இன்னொரு விசிறி சூடான காற்றை அறைக்குள் வீசும். இவை அனைத்தையும் ஒரு மின்னணுப் பலகை கட்டுப்படுத்துகிறது. நேரத்தையும் வெப்பநிலையையும் முன்கூட்டியே பதிந்துவைக்கும் வசதி பல மாடல்களில் உண்டு. பஜ்ருக்கு எழும்போது கூடம் சூடாக இருக்கும்.

1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மாற்று எரிபொருள் தேடிய காலத்தில் பிறந்தது இது. போயிங் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜெர்ரி விட்ஃபீல்ட் 1980களின் தொடக்கத்தில் வீட்டுக்கான பெல்லட் ஸ்டவ்வை உருவாக்கியவராக அறியப்படுகிறார்.

விறகு அடுப்போடு ஒப்பிட்டால் புகை மிகக் குறைவு. கோடரிக்கும் வேலையில்லை. ஆனால் விறகு அடுப்புக்குத் தேவைப்படாத ஒன்று இதற்குத் தேவை: மின்சாரம். அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் கணக்கு: உங்கள் ஊரில் இது லாபமா?

வட அமெரிக்காவில் பெல்லட் 40 பவுண்டு மூட்டைகளில் விற்கப்படுகிறது. நம் கணக்கில் சுமார் 18 கிலோ. 50 மூட்டை சேர்ந்தால் ஒரு டன். அங்கே டன் என்பது 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ.

ஒரு கிலோ பெல்லட்டில் ஏறத்தாழ 4.8 யூனிட் வெப்ப ஆற்றல் உள்ளது. மூட்டைக்குச் சுமார் 86 யூனிட். ஸ்டவ்வின் செயல்திறன் 80 சதவீதம் என்று வைத்தால், ஒரு மூட்டையிலிருந்து வீட்டுக்குக் கிடைப்பது சுமார் 70 யூனிட் வெப்பம். இந்த 70 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் எந்த ஊரிலும் நாமே கணக்குப் போடலாம்.

மின் ஹீட்டரோடு ஒப்பிட: மூட்டையின் விலையை 70ஆல் வகுங்கள். மூட்டை 8 டாலர் என்றால், யூனிட்டுக்கு 11 சென்ட்டுக்குச் சற்று மேல். உங்கள் மின் பில்லில் யூனிட் விலை இதைவிடக் கூடுதலாக இருந்தால்தான் பெல்லட் லாபம்.

எண்ணெயோடு ஒப்பிட: ஒரு லிட்டர் வெப்ப எண்ணெய் ஃபர்னஸ் வழியாகச் சுமார் 9 யூனிட் வெப்பம் தரும். ஆக, ஒரு மூட்டை பெல்லட் ஏறத்தாழ 8 லிட்டர் எண்ணெய்க்குச் சமம். 8 லிட்டர் எண்ணெயின் விலையையும் ஒரு மூட்டையின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ஹீட் பம்ப்போடு ஒப்பிட: அது ஒரு யூனிட் மின்சாரத்தில் இரண்டு, மூன்று யூனிட் வெப்பம் தரக்கூடியது. எனவே மின் யூனிட் விலையை 2.5ஆல் வகுத்துவிட்டு ஒப்பிட வேண்டும். மிதமான குளிரில் ஹீட் பம்ப்தான் பெரும்பாலும் மலிவு. கடுங்குளிரில் அதன் திறன் குறையும்போது பெல்லட் கைகொடுக்கும்.

கியூபெக்கில் இந்தக் கணக்கைப் போட்டால் பெல்லட்டுக்கு லாபம் கிடைப்பது கடினம். நீர்மின்சாரத்தின் தயவால் வட அமெரிக்காவிலேயே மிகக் குறைந்த மின்கட்டணம் உள்ள இடங்களில் அதுவும் ஒன்று. எண்ணெய் ஃபர்னஸ் உள்ள நோவா ஸ்கோஷியா வீட்டில் விடை வேறாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியதால் நாமும் வாங்குவது, இந்தக் கணக்கைப் போட்ட பிறகு செய்ய வேண்டிய காரியம்.

இன்னொன்று, பெல்லட் விலை நிலையானது அல்ல. உக்ரைன் போருக்குப் பிறகு 2022இல் ரஷ்ய, பெலாரஸ் மரப் பொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தபோது, இத்தாலியிலும் பிரான்ஸிலும் ஆஸ்திரியாவிலும் மூட்டை விலை ஒரே ஆண்டில் இருமடங்கானது. எண்ணெய்க்குப் பயந்து பெல்லட்டுக்கு மாறியவர்கள் பெல்லட் கிடைக்காமல் அலைந்தார்கள். வீட்டின் ஒரே சூடாக எந்த ஒன்றையும் நம்பாதீர்கள் என்பதுதான் அதன் பாடம்.

வீட்டுக்கு எவ்வளவு சூடு வேண்டும்?

வட அமெரிக்காவில் ஸ்டவ்வின் திறனை பி.டி.யு. என்ற அலகில் குறிக்கிறார்கள். 3,412 பி.டி.யு. ஒரு கிலோவாட் மணிக்குச் சமம். விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படுவது பெரும்பாலும் உள்ளே எரியும் ஆற்றல். வீட்டுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. 40,000 பி.டி.யு. உள்ளே எரிந்து செயல்திறன் 80 சதவீதம் என்றால், நமக்குக் கிடைப்பது மணிக்கு 32,000தான். வாங்கும்போது வெளியே கிடைக்கும் அளவையே கேளுங்கள்.

"பெரிதாக வாங்கினால் நல்லதுதானே?" என்று தோன்றும். இங்குதான் பலர் தவறுகிறார்கள். தேவைக்கு மேல் பெரிய ஸ்டவ் கூடத்தைச் சீக்கிரம் சூடாக்கிவிட்டு அணையும். பிறகு மீண்டும் மூளும். இப்படி அணைந்து அணைந்து எரிந்தால் தீ மூட்டும் சூடாக்கி விரைவில் தேயும். எப்போதும் மிகக் குறைந்த அளவிலேயே எரியவிட்டால் கண்ணாடியில் கரி படியும், உள்ளே சாம்பல் அடைக்கும். ஆகவே அதிகபட்ச அளவைப் போலவே, எவ்வளவு குறைவாக எரிய முடியும் என்ற குறைந்தபட்ச அளவும் முக்கியம்.

வீட்டின் காப்பையும் பாருங்கள். சுவரிலும் பரணிலும் காப்பு இல்லாத பழைய வீட்டில் பெரிய ஸ்டவ் வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல. சன்னல் இடுக்குகளை அடைத்து, பரணில் காப்பு போட்ட பிறகு, அதைவிடச் சிறிய ஸ்டவ்வே போதுமானதாகிவிடலாம்.

பெல்லட் ஸ்டவ் முதன்மையாகத் தான் இருக்கும் இடத்தைத்தான் சூடாக்கும். கதவு மூடிய படுக்கையறை குளிர்ந்தே இருக்கும். மாடிப்படியின் அருகில், வீட்டின் நடுவில் வைத்தால் சூடு பரவ வழி கிடைக்கும். காப்பில்லாத பேஸ்மென்டில் வைத்தால் சூட்டில் பெரும்பகுதியைக் கான்கிரீட் சுவரே குடித்துவிடும்.

யாரும் எளிதில் சொல்லாத ஒன்று: தெர்மோஸ்டாட் கூடத்தில் இருந்து, பெல்லட் ஸ்டவ்வும் கூடத்திலேயே இருந்தால், கூடம் சூடாக இருப்பதால் ஃபர்னஸ் ஓடாது. ஃபர்னஸ் ஓடாவிட்டால் பேஸ்மென்டின் தண்ணீர்க் குழாய் உறைந்துவிடலாம். கடுங்குளிர் நாட்களில் ஃபர்னஸையும் அவ்வப்போது ஓடவிட வேண்டும்.

பெல்லட்டின் தரமும் இடமும்

நல்ல ஸ்டவ்வை மோசமான பெல்லட் கெடுத்துவிடும். வட அமெரிக்காவில் "பிரீமியம்" என்று தரச்சான்று பெற்ற பெல்லட்டில் சாம்பல் 1 சதவீதத்துக்கு மேலும், ஈரம் 8 சதவீதத்துக்கு மேலும், தூள் 0.5 சதவீதத்துக்கு மேலும் இருக்கக் கூடாது. கனடாவில் "கேன்பிளஸ் ஏ1" முத்திரை உள்ளதில் சாம்பல் 0.7 சதவீதத்துக்குள் இருக்கும். மூட்டையின் அடியில் கைப்பிடித் தூள் சேர்ந்திருந்தால் அந்த நிறுவனத்தின் சரக்கை அடுத்த முறை தவிர்த்துவிடலாம். முதலில் நான்கைந்து மூட்டை வாங்கி எரித்துப் பார்த்துவிட்டுப் பிறகு டன் கணக்கில் வாங்குங்கள்.

குளிர்காலம் முழுக்க முதன்மையாகப் பயன்படுத்தும் குடும்பத்துக்கு 3 டன் வரை தேவைப்படலாம். அதாவது 150 மூட்டை. நடுத்தரக் குளிரில் நாளொன்றுக்கு ஒரு மூட்டை, கடுங்குளிரில் இரண்டு. 18 கிலோ மூட்டையைத் தினமும் தூக்கிக் கொட்ட வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை இப்போதே யோசியுங்கள். கணவர் லாரி ஓட்டிக்கொண்டு வாரக்கணக்கில் வெளியூர் போகும் வீட்டில், வயதான மாமியாரோ கர்ப்பிணி மனைவியோ அதைத் தூக்க முடியாது. உயரம் குறைந்த தொட்டியும், சிறு வாளியில் அள்ளி ஊற்றும் ஏற்பாடும் அப்போது அவசியம்.

பெல்லட் ஈரம் பட்டால் உப்பித் தூளாகிவிடும். பிறகு எதற்கும் உதவாது. தரையோடு தரையாக அடுக்காமல், பலகை மேல் உலர்ந்த இடத்தில் வையுங்கள். மொத்தமாகக் குவித்து வைக்கும் மூடிய அறையில் பெல்லட்டே கார்பன் மோனாக்சைடை வெளியிடும். ஐரோப்பாவில் அப்படிப்பட்ட சேமிப்பறைகளுக்குள் நுழைந்தவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். ஆகவே இருப்பு வைக்கும் இடத்துக்குக் காற்றோட்டம் வேண்டும்.

புகைபோக்கி: இங்கே சிக்கனம் கூடாது

ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக் நகரில் 2008 டிசம்பரில் தாய், தந்தை, இரு பிள்ளைகள் என ஒரு குடும்பமே கார்பன் மோனாக்சைடால் இறந்தது. அவர்கள் வீட்டில் இருந்தது எரிவாயுக் கணப்பு. அதன் புகைவழி அடைபட்டிருந்தது. எச்சரிக்கும் கருவி வீட்டில் இல்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகே, 2013இல் ஒன்டாரியோ வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் நிறைவேறியது.

எரிபொருள் எதுவானாலும் பாடம் ஒன்றுதான். இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று காய்ச்சல் வரும்போது இருப்பது போலவே தொடங்கும். ஆனால் காய்ச்சல் இருக்காது. வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே போனால் தெளிந்தால், அது இதன் அறிகுறி. உடனே அனைவரும் வெளியேறி 911ஐ அழைக்க வேண்டும். சன்னலைத் திறந்துவிட்டுத் தூங்கப் போகக் கூடாது.

அதனால் பெல்லட் ஸ்டவ் போடும்போது:

• பெல்லட் ஸ்டவ்வுக்கென்றே செய்யப்பட்ட இரட்டைச் சுவர்க் குழாயையே பயன்படுத்த வேண்டும். துணி உலர்த்தியின் குழாயோ, எரிவாயு அடுப்பின் குழாயோ இதற்கு ஆகாது.

• குழாயைச் சுவரில் துளையிட்டு நேராக வெளியே விடுவது மலிவு. ஆனால் சில அடி செங்குத்தாக உயர்த்தி விட்டால், மின்சாரம் திடீரென நின்றாலும் மிச்சப் புகை தானாக மேலேறிப் போகும்.

• குழாய் வாய் சன்னலுக்கும் கதவுக்கும் அருகில் இருக்கக் கூடாது. பனி குவிந்தால் மூடிக்கொள்ளாத உயரத்திலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பெரும்பனிக்குப் பிறகும் போய்ப் பாருங்கள்.

• எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே எடுக்கும் தனிக் குழாயைச் சேர்த்துப் போடுங்கள். நம் வீடுகளில் இது கூடுதல் முக்கியம். தாளிக்கும்போது நாம் ஓடவிடும் பலமான சமையலறை விசிறி, இறுக்கமாக அடைக்கப்பட்ட வீட்டின் காற்றை உறிஞ்சி வெளியேற்றும்போது, ஸ்டவ்வின் புகையை உள்ளே இழுத்துவிடக்கூடும்.

• ஸ்டவ் உள்ள தளத்திலும் படுக்கையறைகளின் அருகிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள்.

கனடாவில் திட எரிபொருள் அடுப்புகளைப் பொருத்த சி.எஸ்.ஏ. பி365 என்ற விதிமுறை உண்டு. "வெட்" சான்று பெற்ற தொழில்நுட்பரைக் கொண்டு பொருத்துவது நல்லது. வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பலர் இந்தச் சான்றைக் கேட்பார்கள். சொல்லாமல் பொருத்தி, பிறகு தீ விபத்து நேர்ந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும்.

மின்சாரம் நின்றால்?

1998 ஜனவரியில் கியூபெக், கிழக்கு ஒன்டாரியோ, நியூ இங்கிலாந்து பகுதிகளில் பனிமழை நாட்கணக்கில் பெய்து மின்கம்பங்களைச் சாய்த்தது. லட்சக்கணக்கான வீடுகள் நடுக்குளிரில் இருண்டன. சில இடங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. விறகு அடுப்பு வைத்திருந்தவர்கள் எரித்துக்கொண்டார்கள். பெல்லட் ஸ்டவ்வோ மின்சாரம் இல்லாவிட்டால் நின்றுவிடும்.

நம் ஊரில் மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் வைத்துப் பழகியவர்களுக்கு இதன் தீர்வு புதிதல்ல. பெல்லட் ஸ்டவ் எரியும்போது சுமார் 100 வாட்டும், தீ மூட்டும் சில நிமிடங்களில் 300 முதல் 400 வாட்டும் எடுக்கும். இரவில் 8 மணி நேரம் ஓட ஒரு யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம் போதும். பெரிய பேட்டரியும், தூய சைன் அலை தரும் இன்வெர்ட்டரும் ஓர் இரவைத் தாங்கும். மின்னணுப் பலகைக்கு மலிவான இன்வெர்ட்டர் ஒத்துவருமா என்று ஸ்டவ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் என்றால் வீட்டுக்கு வெளியே, தள்ளியே ஓட வேண்டும், கராஜுக்குள்ளும் கூடாது. கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து குளிர்காய்வதும் உயிருக்கு உலை வைக்கும். 1998இல் இறந்தவர்களில் கார்பன் மோனாக்சைடால் இறந்தவர்களும் இருந்தார்கள்.

இனி மாடலைப் பார்க்கலாம்

• சான்று: அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 மே மாதத்திலிருந்து புதிய ஸ்டவ்கள் மணிக்கு 2 கிராமுக்கு மேல் புகைத்துகள் வெளியிடக் கூடாது என்று வரம்பு வைத்துள்ளது. சான்றுத் தகடு பின்பக்கம் இருக்கும். மொன்றியலில் 2018 அக்டோபர் முதல் மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் வெளியிடும் திட எரிபொருள் அடுப்புகளுக்குத் தடை உண்டு. உங்கள் நகராட்சியின் விதியையும் கேட்டறியுங்கள்.

• சத்தம்: கடையின் இரைச்சலில் விசிறிச் சத்தம் தெரியாது. குழந்தை தூங்கும் இடத்துக்கு அருகில் வைப்பதானால், அமைதியான நேரத்தில் கடைக்குப் போய் முழு வேகத்தில் ஓடவிட்டுக் கேளுங்கள்.

• சாம்பல் எடுக்கும் வழி: எரிகிண்ணத்தைக் கழற்றுவது எளிதா, சாம்பல் தட்டு பெரிதா என்று கடையிலேயே கையால் செய்து பாருங்கள். தினமும் செய்யப்போவது நீங்கள்தான்.

• உதிரிபாகம்: மூட்டும் சூடாக்கி, திருகு மோட்டார், விசிறி, மின்னணுப் பலகை ஆகியவை ஒருநாள் பழுதாகும். ஜனவரியில் பழுதானால் எத்தனை நாளில் கிடைக்கும், பழுதுபார்ப்பவர் எத்தனை மைல் தொலைவில் இருக்கிறார் என்று கேளுங்கள். நூறு மைல் தள்ளி இருப்பவரை நம்பி மலிவாக வாங்குவது மலிவல்ல.

• பழைய ஸ்டவ்: சான்றுத் தகடும் கையேடும் இல்லாத பழைய ஸ்டவ்வை வாங்காதீர்கள். காப்பீடும் கிடைக்காது, உதிரிபாகமும் கிடைக்காது.

வாங்கிய பிறகு

தினமும் ஐந்து நிமிடம், ஆறிய பின் எரிகிண்ணத்தைச் சுரண்டிக் கண்ணாடியைத் துடையுங்கள். வாரம் ஒருமுறை சாம்பல் தட்டைக் கொட்டுங்கள். சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். அட்டைப் பெட்டியும் பிளாஸ்டிக் வாளியும் கூடாது. சாதாரண வாக்குவம் கிளீனரால் சாம்பலை உறிஞ்சவும் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை, குளிர் தொடங்கும் முன்பே, தொழில்நுட்பரைக் கொண்டு உட்புறத்தையும் புகைபோக்கியையும் சுத்தம் செய்யுங்கள்.

எரியும்போது கண்ணாடி கடுமையாகச் சுடும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் சுற்றிலும் தடுப்புக் கம்பி போடுங்கள். ஈரத் துணியை ஸ்டவ்வின் மேல் உலர்த்தாதீர்கள்.

பணம் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். வீட்டுக்குக் கிடைக்கும் பி.டி.யு. எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவு? குழாய், வெளிக்காற்று இணைப்பு, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? பொருத்துபவர் சான்று பெற்றவரா? மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? பழுதுபார்க்க யார் வருவார்? இவற்றில் ஒன்றுக்கேனும் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் அன்று வாங்காமல் திரும்பி வாருங்கள். ஸ்டவ்வை அடுத்த வாரமும் வாங்கலாம். அலாரத்தை மட்டும் இன்றே வாங்கி மாட்டிவிடுங்கள்.